நான் தின்னவில்லை

இப்போதெல்லாம் மனுஷன் வாயைத் திறந்து ஒன்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. மெஷின் சொல்ல வேண்டும். காய்ச்சல் அடிக்கிறது என்றால் நெற்றியில் கை வைத்துப் பார்க்காமல் துப்பாக்கி மாதிரி எதையோ நீட்டுகிறார்கள். பஸ் கண்ணெதிரே வந்து நிற்கிறது, அது வந்துவிட்டதா என்று போனில் தேடுகிறார்கள். எங்கள் பட்டறைக்கு சோபாவை ரிப்பேருக்குக் கொண்டுவருகிறவன், வேலை முடிந்ததும் அதில் உட்கார்ந்து பார்க்க வேண்டுமா இல்லையா? போட்டோ எடுத்துப் பார்த்து, "நல்லா இருக்கு" என்கிறான். எதையோ செய்துவிட்டுப் போகட்டும். ஆனால் என் வீட்டிலேயே என் பேச்சைத் தள்ளிவிட்டு மெஷின் பேச்சை எடுத்தார்கள் பாருங்கள், அதுதான் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

விஷயம் இவ்வளவுதான். நான் திருட்டுத்தனமாகச் சர்க்கரை தின்கிறேன் என்றார்கள். நான் தின்னவில்லை.

எனக்குச் சர்க்கரை வந்து ஆறு வருஷம். காலையில் ஒரு மாத்திரை, சாயங்காலம் ஒன்று. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் எடுத்து, மூன்று மாதக் கணக்கையும் ஒரே எண்ணாகச் சொல்லிவிடுவார்கள். ஏழு, ஏழரை என்று ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. போன வருஷம் எட்டரை வந்தது. சர்க்கரை டாக்டர் கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார்.

"என்ன பெரியவரே, கை கொஞ்சம் நீளுதோ?"

"எதுவும் நீளல டாக்டர்."

"எல்லாரும் இங்க வந்து அப்படித்தான் சொல்றாங்க."

சொல்லிவிட்டுச் சிரித்தார். என் மனைவியும் கூடச் சேர்ந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பிலேயே நான் பாதித் திருடன் ஆகிவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அவள் பிஸ்கட் டப்பாவைத் துணி அலமாரிக்குள் கொண்டுபோய் வைத்தாள். சோற்றை அளந்து போட ஆரம்பித்தாள். டீயில் சர்க்கரை முன்பே கிடையாது, இப்போது டீயே பாதி டம்ளர் ஆனது. நான் ஒரு வார்த்தை பேசவில்லை. பட்டறையில் யாராவது பிறந்தநாள் என்று இனிப்பு நீட்டினால், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பேன். மூன்று மாதம் இப்படி இருந்துவிட்டுப் போனால், ஒன்பது புள்ளி நான்கு.

டாக்டர் இந்த முறை சிரிக்கவில்லை. "அடுத்த தடவையும் இப்படி வந்தா ஊசிதான். வேற வழியில்ல" என்றார்.

"நான் எதுவும் தின்னல."

"மெஷின் பொய் சொல்லாதுங்க."

அப்போ நான்தான் பொய் சொல்கிறேன், அதுதானே அர்த்தம்? எனக்குப் படிப்பு மூன்றாம் வகுப்பு வரைக்கும்தான். ஆனாலும் இது புரியாத அளவுக்கு முட்டாள் இல்லை.

என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் சோபா, நாற்காலிகளுக்கு மெத்தை கட்டித் துணி அடிக்கிறவன். இப்போது எல்லோரும் ஸ்டேப்ளர் துப்பாக்கியால் அடிக்கிறார்கள். நானும் அடிக்கிறேன், அது நல்ல சாமான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் கைப்பிடி வளைகிற இடத்தில் துணியைச் சின்னச் சின்ன மடிப்பாக இழுத்துப் பிடித்துத்தான் ஆணி அடிக்க வேண்டும். ஒரு கை துணியைப் பிடித்திருக்கும், மறு கையில் சுத்தியல். ஆணியை யார் எடுத்துக் கொடுப்பது? வாய்தான். முப்பது ஆணியை இடது கன்னத்தில் அதக்கிக்கொள்வோம். நாக்கு ஒவ்வொன்றாகத் திருப்பி, தலை வெளியே தெரிகிற மாதிரி உதட்டுக்குக் கொண்டுவரும். சுத்தியல் முனையில் காந்தம் இருக்கும். ஒரு தொடு, ஒரு அடி. ஐம்பத்தோரு வருஷமாக இதைத்தான் செய்கிறேன். பட்டறையில் என் பெயர் யாருக்கும் ஞாபகம் இருக்காது. ஆணிவாய் என்றால்தான் தெரியும்.

இடது பக்க ஈறு இரண்டு வருஷமாகவே சரியில்லை. பல் ஆடும். காலையில் கொப்பளித்தால் ரத்தம் வரும். ஒரு மாதிரி கெட்ட ருசியும் இருக்கும். நான் யாரிடமும் சொல்லவில்லை. பல் டாக்டரிடம் போனால் பிடுங்குவான், பல்லைப் பிடுங்கினால் கன்னத்தில் ஆணி நிற்காது. வலி வந்தால் ஒரு சிட்டிகை உப்பை எடுத்து ஈறில் அப்பிக்கொள்வேன். கொஞ்ச நேரம் சுரீர் என்று எரியும், அப்புறம் அடங்கிவிடும்.

இது தெரியாமல் என் மகன் என்ன செய்தான் தெரியுமா? அவனுக்குக் கடைகளில் கேமரா மாட்டுகிற வேலை. கல்லாவில் யார் கை வைக்கிறான், அலமாரியிலிருந்து யார் சோப்பை மடியில் கட்டிக்கொண்டு போகிறான் என்று பார்க்கிற கேமரா. அதில் ஒன்றைக் கொண்டுவந்து எங்கள் சமையலறையில் பிரிட்ஜுக்கு மேலே வைத்துவிட்டான். மருந்து பாட்டில் அளவுதான் இருக்கும். என்னிடம் சொல்லவில்லை. திருடனிடம் சொல்லிவிட்டா கேமரா வைப்பார்கள்?

பத்து நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பிட்டு முடித்துக் கை கழுவிக்கொண்டிருந்தேன். "அப்பா, இங்க வந்து உக்காருங்க" என்றான். உட்கார்ந்தேன். எதிரே என் மனைவி, முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு. அவன் போனை என் முன்னால் சாய்த்து வைத்தான்.

படத்தில் நான் சமையலறைக்குள் வருகிறேன். ஜன்னல் மூடியிருந்ததால் படம் கறுப்பு வெள்ளையாகத் தெரிந்தது. அந்தப் பக்கம் ஒரு பார்வை, இந்தப் பக்கம் ஒரு பார்வை. அலமாரியின் மூன்றாவது தட்டிலிருந்து எவர்சில்வர் டப்பாவை எடுக்கிறேன். விரலால் அள்ளி வாய்க்குள் விட்டுக் கன்னத்தில் அதக்குகிறேன். கண்ணை மூடிக்கொண்டு அப்படியே நிற்கிறேன்.

"எவ்ளோ ருசியா கண்ண மூடுறீங்க பாருங்க" என்றான்.

"அது உப்புடா."

"அப்பா!"

"உப்புங்கறேன்."

"அந்தத் தட்டுல ரெண்டு டப்பா இருக்கு. ரெண்டும் ஒரே மாதிரி. ஒண்ணு உப்பு, ஒண்ணு சர்க்கரை. நீங்க கரெக்டா உப்பை எடுத்து ருசி பாத்தீங்களாக்கும்?"

என் மனைவி வாயைத் திறந்தாள். "உப்பை யாருங்க அள்ளி அள்ளி வாயில போடுவாங்க? மாடா நீங்க?"

மகனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டான். "இது மாதிரி பதினோரு தடவை இருக்குப்பா. தேதி, நேரம் எல்லாம் இருக்கு. வேணும்னா காட்டறேன்."

"ஒண்ணும் காட்ட வேணாம்."

"உங்க நல்லதுக்குத்தாம்பா..."

"என் நல்லதுக்குத்தான் என்னைத் திருடனாக்கினியா? கடையில சோப்புத் திருடறவனும் நானும் உனக்கு ஒண்ணா?"

"அவனும் இப்படித்தாம்பா ரெண்டு பக்கம் பாப்பான்" என்றான்.

வேண்டுமென்று சொல்லவில்லை, வாயில் வந்துவிட்டது. வந்தது வந்ததுதானே? நாற்பது வருஷம் என்னோடு குடும்பம் நடத்தியவள், என் மகன் அப்படிச் சொன்னபோது 'சும்மா இருடா' என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. முந்தானையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பல் வலிக்கு உப்பு வைத்தேன் என்று சொல்லியிருக்கலாமே என்பீர்கள். சொல்லியிருப்பேன். உப்பை எதற்கு எடுத்தீர்கள் என்று ஒருத்தராவது கேட்டார்களா? இல்லை. உப்பே இல்லை என்று முடிவு கட்டிவிட்ட பிறகு எதற்கென்று நான் ஏன் சொல்ல வேண்டும்? போங்கடா என்று எழுந்துவிட்டேன்.

மறுநாளிலிருந்து நான் ஒரு வேலை செய்தேன். சமையலறைக்குள் தண்ணீர் குடிக்கப் போனால்கூட, வெளியே வந்ததும் நேராக என் மனைவி முன்னால் போய் நின்று வாயை ஆவென்று திறப்பேன்.

"பாத்துக்கோ."

"என்னங்க இது அசிங்கமா?"

"நல்லாப் பாரு. எங்கயாச்சும் ஒட்டிட்டு இருக்கும்."

அவள் பக்கத்து வீட்டுப் பெண்ணோடு பேசிக்கொண்டிருந்தபோதும் ஒருமுறை போய்த் திறந்தேன். அந்தப் பெண் பயந்துபோய், வீட்டில் பால் காய்கிறது என்று ஓடிவிட்டது. என் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். அடித்துக்கொள்ளட்டும் என்று விட்டேன். ஒரு வாரம் இப்படிப் போனது. எட்டாம் நாள் அவளுக்கும் ரோஷம் வந்துவிட்டது. "சரி, காட்டுங்க, பாத்துத்தான் தொலையறேன்" என்று என் தாடையைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பினாள்.

பார்த்தவள் கையை எடுக்கவில்லை.

"என்னங்க இது? இப்படி வீங்கிக் கெடக்கு. சீழ் வச்சிருக்குங்க. நாத்தம் வேற..."

"உப்பு வச்சா சரியாயிரும்."

அவள் அப்படியே என்னைப் பார்த்தாள். மூன்றாவது தட்டில் எந்த டப்பாவை நான் எடுத்தேன் என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். செருப்பை மாட்டிக்கொண்டு வந்து, "கெளம்புங்க" என்றாள்.

பல் டாக்டர் ஒரு சின்னப் பெண். மூக்கை முகமூடியால் மூடிக்கொண்டு, கம்பி மாதிரி ஒன்றை ஈறுக்குள் விட்டு விட்டு எடுத்தது. பக்கத்தில் எழுதுகிறவளிடம் "ஆறு... ஏழு... ஏழு... எட்டு" என்றது. துணி அளக்கிற மாதிரி என் ஈறை அளக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

"ஐயா, வலது பக்கம் பரவாயில்ல. இடது பக்கம் மட்டும் எப்படி இவ்ளோ மோசமாச்சு? இங்க எதையாவது வச்சு அதக்குவீங்களா?"

"ஆணி."

"என்னது?"

"ஆணிம்மா. சோபாவுக்கு அடிக்கிற ஆணி."

அந்தப் பெண் முகமூடியை இறக்கிவிட்டுச் சிரித்தது. அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, "உங்களுக்குச் சர்க்கரை இருக்கா?" என்றது. "இருக்கு." "சமீபமா ஏறிக்கிட்டே போகுதா? காரணம் தெரியலையா?"

காரணம் தெரியும், இவர் திருடித் தின்கிறார் என்று என் மனைவி சொல்வாள் என்று காத்திருந்தேன். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்க ஈறுக்கு உள்ள இருக்கிற புண்ணையெல்லாம் பிரிச்சு வச்சா பாதி உள்ளங்கை அகலத்துக்கு வரும். அவ்ளோ பெரிய புண்ணு கையில இருந்தா சும்மா விடுவீங்களா? அங்க கிருமி இருக்கு. அதைக் கொல்ல உடம்பு ராத்திரி பகலா சண்டை போடுது. சண்டையில நெருப்பை வீசுது. அது கிருமியை மட்டும் எரிக்காது, பக்கத்துல இருக்கிற நல்ல சதையையும் பொசுக்கும். அந்தச் சண்டையில கெளம்புற சங்கதியெல்லாம் ரத்தத்துல கலந்து உடம்பு பூரா சுத்தும். அப்புறம் சர்க்கரையை உள்ள எடுத்துக்கோன்னு இன்சுலின் சொன்னா, சதை அது பேச்சைக் கேக்காது. சர்க்கரை ரத்தத்துலயே நின்னுரும்."

"எங்க வீட்டுலயே என் பேச்சைக் கேக்க ஆள் இல்ல, சதை கேக்கப் போகுதாக்கும்" என்றேன்.

"சர்க்கரை ஏறுனா ஈறு இன்னும் கெடும். ஈறு கெட்டா சர்க்கரை இன்னும் ஏறும். ரெண்டும் மாத்தி மாத்தி" என்றது அந்தப் பெண்.

எனக்கு நம்பிக்கை இல்லை. பல் வாயில் இருக்கிறது, சர்க்கரை ரத்தத்தில் இருக்கிறது. பல்லைப் பிடுங்கச் சொன்னால் பிடுங்கு, அதற்கு ஏன் இவ்வளவு கதை? ஆனால் வலி தாங்க முடியவில்லை, அதனால் உட்கார்ந்தேன். இரண்டு பல் போனது. நான்கு தடவை வரச்சொல்லிச் சுரண்டிச் சுத்தம் பண்ணினார்கள். இனி ஆணியை வாயில் வைக்கவே கூடாது என்றது அந்தப் பெண். சரி என்றேன். வலது பக்கம் வைத்துப் பழகினேன். நாக்குக்குப் பழக்கமில்லை, முதல் வாரம் இரண்டு ஆணியை விழுங்கப் பார்த்தேன்.

மூன்று மாதம் கழித்து ரத்தம் எடுத்தார்கள். மகனும் லீவு போட்டுவிட்டு வந்தான். சர்க்கரை டாக்டர் அறையில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். டாக்டர் காகிதத்தைப் பார்த்தார். பழைய காகிதத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"எட்டு புள்ளி ஒண்ணு. நல்லா எறங்கியிருக்கே! மாத்திரை ஏதாவது மாத்தினோமா? இல்லையே, அதேதான். சாப்பாடு?"

"அதே சாப்பாடுதான் டாக்டர். நான் அளந்துதான் போடறேன், அப்பவும் இப்பவும்" என்றாள் என் மனைவி. பல் கதையையும் சொன்னாள்.

டாக்டர் நாற்காலியில் சாய்ந்தார். "அதானா! நாந்தான் வாயைத் தெறந்து பாத்திருக்கணும், பாக்கல" என்றார். இதைச் சொன்னதற்கு அவருக்கு ஒரு மரியாதை கொடுக்கலாம். அதோடு நிறுத்தியிருந்தால் கொடுத்திருப்பேன். மேலே போனார். "எல்லாமே பல்லால இல்ல பெரியவரே. வயித்தைச் சுத்தி இருக்கிற கொழுப்பும் இதே மாதிரி உள்ளுக்குள்ள கனன்றுக்கிட்டே இருக்கும். வெளிய தெரியாது, வலிக்காது."

"வலிக்காத வீக்கம், சுடாத நெருப்பு. இதையெல்லாம் நான் நம்பணும்?"

"நீங்க மெத்தை வேலைதானே பாக்கறீங்க? பழைய நாற்காலியைப் பிரிச்சா உள்ள ஸ்பாஞ்சு எப்படி இருக்கும்?"

"மஞ்சளாயிருக்கும். தொட்டா பிஸ்கட் மாதிரி உதிரும்."

"யாரும் உக்காராத நாற்காலின்னா?"

"அதுவும் உதிரும்."

"ஏன்?"

காற்றுதான். அது யாருக்குத் தெரியாது? துணிக்குள் மூடி வைத்தாலும் காற்று மெல்ல மெல்ல ஸ்பாஞ்சைத் தின்றுவிடும். வாயில் வந்துவிட்டது, விழுங்கிவிட்டேன்.

"நான் ஸ்பாஞ்சு இல்ல டாக்டர்" என்றேன்.

"ஸ்பாஞ்சைக் காத்து அரிக்குதுல்ல? நாம இழுக்கிற மூச்சுக்காத்துல இருந்தே அப்படி அரிக்கிற சாமான் உடம்புல உண்டாகும். சாதாரணமா உடம்பு அதைச் சமாளிச்சுரும். வீக்கம் நீண்ட நாள் இருந்தா சமாளிக்க முடியாது..."

அவர் பேசிக்கொண்டே இருந்தார். என் மகன் என் பக்கம் திரும்பினான். கண் கலங்கியிருந்தது.

"சாரிப்பா."

"எதுக்கு?"

"நீங்க சாப்பிடலப்பா. இப்ப தெரிஞ்சிருச்சு."

"நான் அன்னைக்கே சொன்னேனேடா."

"அதாம்பா... இப்ப டாக்டரே சொல்லிட்டாரு."

இதைக் கேட்டதும் எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே ஏறிவிட்டது. எழுந்துவிட்டேன்.

"டாக்டர் சொன்னாருன்னு நம்பறியா? அன்னைக்கு மெஷின் சொல்லுச்சுன்னு என்னைத் திருடன்னு நம்பின. இன்னைக்கு அதே மெஷின் வேற நம்பர் காட்டுதுன்னு நல்லவன்னு நம்பற. நடுவுல நான் ஒருத்தன் நின்னு தின்னல தின்னலன்னு கத்தினேனே, அது எங்கடா போச்சு?"

"அப்படி இல்லப்பா..."

"எட்டு புள்ளி ஒண்ணு. சரி. மூணு மாசம் கழிச்சு மறுபடியும் ஒம்பது வந்துச்சுன்னா? பல்லும் இல்ல, ஈறும் இல்ல. அப்ப என்ன சொல்லுவ? நான் தின்னேன்னா, தின்னலன்னா?"

அவன் டாக்டரைப் பார்த்தான். அப்போதும் டாக்டரைத்தான் பார்த்தான்.

என் மனைவி என் சட்டையைப் பிடித்தாள். "உக்காருங்க. நான்தானே உங்க வாயைப் பாத்தேன்? நான்தானே கூட்டிட்டுப் போனேன்?"

பார்த்தாள், இல்லை என்று சொல்ல மாட்டேன். அவள் மட்டும்தான் பார்த்தாள். ஆனால் சர்க்கரை ஒட்டியிருக்கிறதா என்றுதான் தாடையைத் திருப்பினாள். புண் அவள் தேடியதில்லை, கண்ணில் பட்டது.

"நீயும் இப்பத்தான் நம்பற" என்றேன். அவள் சட்டையை விட்டுவிட்டாள்.

"பெரியவரே, கோவப்படாதீங்க, கோவமும் சர்க்கரையை ஏத்தும்" என்றார் டாக்டர்.

"எது ஏத்தாது, அதை மட்டும் ஒரு சீட்டுல எழுதிக் குடுங்க" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

வராந்தாவில் நம்பர் சீட்டோடு பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில் மனைவியோ மகளோ, யாரோ ஒருத்தர். எல்லோர் முகத்திலும் ஏதோ தப்பு செய்துவிட்ட களை. இவர்களில் எத்தனை பேர் தின்றார்கள், எத்தனை பேர் தின்னவில்லை? யார் கேட்கப் போகிறார்கள்? உள்ளே போனதும் மெஷின் சொல்லிவிடும்.

பின்னால் செருப்புச் சத்தம். "ஏங்க, நில்லுங்க, மாத்திரைச் சீட்டு வாங்கணும்" என்று என் மனைவி கூப்பிட்டாள். "நீயே வாங்கிக்கோ, நீதானே அளந்து குடுக்கறவ" என்றேன். மகன் லிப்டுக்குப் பக்கத்தில் நின்று பட்டனை அழுத்திக்கொண்டிருந்தான். நான் படிக்கட்டில் இறங்கினேன். பட்டறையில் ஆறு நாற்காலி பிரித்துப் போட்டது போட்டபடி கிடக்கிறது. சாயங்காலத்துக்குள் இரண்டுக்காவது துணி அடிக்க வேண்டும்.

மேலேயிருந்து டாக்டர் குரல் கேட்டது, அறையை விட்டு வெளியே வந்துவிட்டார் போல. ஈறு, வீக்கம், காற்று என்று என் மகனிடம் இன்னும் ஏதோ விளக்கிக்கொண்டிருந்தார். அவனும் ஆமாம் ஆமாம் என்றான்.

பல்லாவது, சர்க்கரையாவது. நான் தெருவில் இறங்கி நடந்தேன்.